கட்டிலுக்கடியில் 220 பிரதிகள்

கேள்வி: சொந்தச் செலவில் சிறுகதைத் தொகுப்பு ஒன்றை 300 பிரதி அச்சிட்டேன். 160 பக்கம், விலை 200 ரூபாய். பெங்களூரு அல்சூரில் வெளியீட்டு விழா முடிந்து நான்கு மாதம் ஆகிறது. 80 பிரதி போயிற்று, மீதி கட்டிலுக்கடியில். ஃபேஸ்புக்கில் வாராவாரம் எழுதியும் யாரும் கேட்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: விழாவில் போன 80 உங்கள் முகத்துக்காகப் போனவை. மீதி கதைக்காகத்தான் போக வேண்டும். ஆகவே அட்டைப்படத்தைப் போட்டு 'வாங்கி ஆதரவு தாருங்கள்' என்று எழுதுவதை இன்றே நிறுத்துங்கள். ஏதாவது ஒரு கதையிலிருந்து 150 சொல்லுக்குள் ஒரு பகுதியை எடுத்துப் போடுங்கள். தொடக்கமாக இருக்க வேண்டியதில்லை, சிக்கல் முளைக்கிற இடத்தில் வெட்டினால் போதும். அதன் கீழே புத்தகப் பெயர், தபால் செலவு சேர்த்த விலை, ஜிபே எண், முகவரி அனுப்ப வாட்ஸப் எண். 'விவரங்களுக்கு இன்பாக்ஸ் வரவும்' என்று எழுதாதீர்கள். கேட்டுப் பதில் வருவதற்குள் வாங்குகிற ஆசை ஆறிவிடும்.

உங்கள் புத்தகம் டெமி அளவு, அதாவது கதைப் புத்தகங்கள் வழக்கமாக வரும் அளவு என்றால் 200 கிராமை ஒட்டி வரும். அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய கியான் போஸ்ட் என்ற புத்தக அஞ்சல் சேவையில் 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. தரைவழியாகப் போவதால் தாமதமாகும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரு பக்கமும் அட்டை வைத்துக் கட்டுங்கள். முனை மடங்கிய புத்தகத்தைப் படம் பிடித்துப் போட ஒருவர் கிடைத்தால் போதும், அந்த வாரம் விற்பனை படுத்துவிடும்.

புத்தகக் கடையில் விற்றுத்தர விலையில் 35 முதல் 40 சதவீதம் கழிவு கேட்பார்கள். உங்கள் கைக்கு 120, 130 ரூபாய் வரும். ஒரு கடையில் ஐந்து பிரதிக்கு மேல் வைக்காதீர்கள். தேதியும் எண்ணிக்கையும் எழுதிக் கையெழுத்து வாங்கிய சலான் இல்லையென்றால், ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

பெங்களூருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலர் வாய் நிறையத் தமிழ் பேசுவார்கள், வாசிக்க வராது. கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ படித்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் வாசகர் பெரும்பாலும் வேலைக்காக வந்தவர். ஒயிட்ஃபீல்ட், எலெக்ட்ரானிக் சிட்டி குடியிருப்புகளின் பொங்கல் விழாவில் ஒரு மேசை கேளுங்கள். 20 பிரதி, சில்லறை, கியூஆர் அட்டை போதும். அல்சூர் ஏரியருகே உள்ள தமிழ்ச் சங்க நூலகத்துக்கு இரண்டு பிரதி கொடுங்கள். ஓசூரையும் விடாதீர்கள், ஒரு மணி நேரப் பயணம்தான்.

மதிப்புரைக்கு பத்துப் பிரதிக்கு மேல் ஒதுக்காதீர்கள். பெரிய எழுத்தாளர்கள் வீட்டில் ஏற்கனவே அடுக்கு அடுக்காக இருக்கும். கடந்த ஓராண்டில் புதியவர்களின் கதைகளைப் பற்றி எழுதியவர் யாரென்று தேடி, அனுப்பலாமா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். ஒருமுறை நினைவூட்டலாம், இரண்டாம் முறை வேண்டாம்.

சென்னைப் புத்தகக் காட்சி வழக்கமாகப் பொங்கலை ஒட்டி வரும். ஒரே ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தனி அரங்கு எடுப்பது கட்டுபடியாகாது. அரங்கு எடுக்கும் பதிப்பகம் ஒன்றிடம் டிசம்பர் முதல் வாரத்துக்குள் 30 பிரதி ஒப்படைத்துவிடுங்கள். அரங்கு எண் தெரிந்த அன்றே, முன்பு நன்றாகப் பேசப்பட்ட அந்த 150 சொல்லை எண்ணோடு சேர்த்து மறுபடி போடுங்கள்.

மறுபதிப்புப் பேச்சு இப்போது வேண்டாம். கையிருப்பு 40 ஆனதும் 50 பிரதிக்கு மட்டும், தேவைக்கேற்பக் குறைந்த பிரதிகள் அச்சிட்டுத் தரும் பிஓடி அச்சகத்தில் விலை கேளுங்கள்.