குட்டி போடப் போகும் நாய்: எது இயல்பு, எது அவசரம்? – கேள்வி பதில்

சினைநாய் குட்டி போடுவதற்கு முந்தைய சில நாட்கள், அதிலும் கடைசி ஒரு நாள். இதைப் பற்றி மட்டும் கேளுங்கள். பல வருடங்களாக நாய்களுக்குப் பிரசவம் பார்த்து வருகிறேன், ஆனால் நான் மருத்துவர் இல்லை. ‘மருத்துவரிடம் போங்கள்’ என்று நான் சொன்னால், தயவுசெய்து மறுகேள்வி கேட்டு நேரத்தைக் கழிக்காமல் கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: அக்கா, எங்கள் நாய் இணை சேர்ந்து இன்றோடு 59 நாள். 63-ஆம் நாள் போட்டுவிடும் என்கிறார்கள். அன்றைக்கு லீவு போட்டால் போதுமா?

பதில்: போதாது. 63 என்பது சினைமுட்டை வெளிப்பட்ட நாளிலிருந்து எண்ணும் கணக்கு. உங்கள் கையில் இருப்பது இணை சேர்ந்த தேதி. விந்தணு பெட்டையின் உடலுக்குள் ஐந்தாறு நாள்கூட உயிரோடு இருக்கும். முட்டையும் வெளிவந்த உடனே கருத்தரிக்காது, முதிர்வதற்கு இரண்டு நாள் வேண்டும். அதனால் இணை சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57-ஆம் நாளும் போடலாம், 70 தொட்டும் போடலாம். இரண்டு மூன்று முறை சேர்ந்திருந்தால் எந்த முறை தரித்தது என்று சொல்லவே முடியாது. எனவே இன்றிலிருந்தே வீட்டில் யாராவது ஒருவர் கண் வைத்திருங்கள்.

55 நாள் தாண்டிவிட்டதால் ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அதற்குள் குட்டிகளின் எலும்பு நன்றாகத் தெரியும், தலைகளை எண்ணிவிடலாம். உள்ளே எத்தனை என்று தெரிந்தால்தான் பிரசவ நாளில் ‘முடிந்ததா, இன்னும் இருக்கிறதா’ என்ற தவிப்பு இருக்காது.

கேள்வி: காலையிலிருந்து சாப்பாடு வேண்டாம் என்கிறது, மூச்சிரைக்கிறது, போர்வையைப் பிறாண்டிக் கிழிக்கிறது. ஒரு தடவை வாந்தியும் எடுத்தது. உடம்பு நடுங்குகிறது. பயமாக இருக்கிறது. தலையீற்று.

பதில்: நீங்கள் சொன்ன அத்தனையும் சேர்ந்து வந்தால் அது பிரசவத்தின் முதல் கட்டம். பயப்பட வேண்டாம். கருப்பை வாய் திறந்துகொண்டிருக்கிறது. கருப்பை சுருங்கி விரிகிறது, ஆனால் வெளியில் இருந்து பார்த்தால் வயிற்றில் எதுவும் தெரியாது. நாய்க்கு மட்டும் தெரியும்.

பக்கத்தில் உட்கார்ந்து சும்மா பாருங்கள். மூச்சிரைப்பு ஒரே சீராக இருக்காது. சில நிமிடம் வேகமாக இரைக்கும், சட்டென்று நிற்கும், வாயை மூடிக்கொண்டு தன் விலாப்பக்கம் திரும்பிப் பார்க்கும். பின்பக்கத்தை நக்கும். எழுந்து மூலைக்குப் போகும், பிறாண்டும், சுற்றிச் சுற்றிப் படுக்கும், மறுபடி எழும். சில நாய்கள் வீட்டு ஆட்களை விடாமல் ஒட்டிக்கொள்ளும், சில யாரும் வேண்டாம் என்று கட்டிலுக்கு அடியில் போய்விடும். கண்ணாடி மாதிரி தெளிவான, வழுவழுப்பான திரவம் கொஞ்சம் வடியலாம். இதெல்லாம் இயல்பு.

இந்தக் கட்டம் பொதுவாக 6 முதல் 12 மணி நேரம். தலையீற்று என்றால் 24 மணி நேரம்கூட இழுக்கும். தண்ணீர் வையுங்கள், சாப்பாட்டைத் திணிக்காதீர்கள். இரண்டாம் கட்டம் வந்தால் உங்களுக்கே தெரியும்: முதுகு வளையும், வால் ஒரு பக்கம் தூக்கும், வயிறு கல்லாக இறுகும், மலம் கழிக்க முக்குவது போலவே முக்கும். முதல் முக்கலைப் பார்த்ததும் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதிவையுங்கள். அதற்கு அப்புறம் எல்லா முடிவும் அந்த நேரத்தை வைத்துத்தான். மனதில் வைத்துக்கொள்கிறேன் என்று நினைக்காதீர்கள். பதற்றத்தில் பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகத் தெரியும், ஒரு மணி நேரம் பத்து நிமிடமாகத் தெரியும்.

கேள்வி: உடல் சூடு குறைந்தால் குட்டி போடும் என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: நம்பலாம், ஒழுங்காக அளந்தால். நாயின் இயல்பான சூடு 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். சினையைத் தாங்கிப் பிடிக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் பிரசவத்துக்கு முன்னால் மளமளவென்று இறங்கும். அதோடு சேர்ந்து உடல் சூடும் இறங்கி 37.2-க்குக் கீழே, அதாவது 99 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகும். சின்ன உருவ நாய்களில் இன்னும் கீழே போவதும் உண்டு. அப்படி இறங்கினால் பெரும்பாலும் அடுத்த 24 மணி நேரத்துக்குள் பிரசவம் தொடங்கிவிடும்.

சிக்கல் என்னவென்றால், இறங்கிய சூடு சில மணி நேரத்தில் மறுபடி ஏறிவிடும். தினமும் ஒரு தடவை மட்டும் பார்ப்பவர்கள் அந்த இறக்கத்தைத் தவறவிட்டு, ‘எங்கள் நாய்க்குக் குறையவே இல்லை’ என்பார்கள். கடைசி வாரம் முழுக்கக் காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை, ஆசனவாயில், முனையில் கொஞ்சம் வாசலைன் தடவி, டிஜிட்டல் தெர்மாமீட்டரால் பாருங்கள். தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒரு எண் மட்டும் இருந்தால் எதுவும் விளங்காது. நான்கு நாள் எண்களுக்கு நடுவே பார்த்தால்தான் இறக்கம் கண்ணில் படும். இறங்கி 24 மணி நேரம் ஆகியும் பிரசவம் தொடங்கவில்லை என்றால் மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: மூக்கைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியாதா?

பதில்: தெரியாது.

கேள்வி: நேற்று காம்பைப் பிதுக்கிப் பார்த்தேன், பால் வந்தது. இன்று போட்டுவிடுமா?

பதில்: பாலை வைத்து நாள் குறிக்காதீர்கள். ஏற்கெனவே குட்டி போட்ட நாய்க்கு ஒரு வாரம் முன்பே பால் சுரக்கும். தலையீற்றுக்குச் சில சமயம் குட்டி வந்த பிறகுதான் சுரக்கும். அப்புறம், பிதுக்கிப் பார்ப்பதை நிறுத்துங்கள். காம்பில் புண் வரும், கிருமி போகும். முதலில் சுரக்கும் சீம்பால் குட்டிகளுக்கு வேண்டியது.

கேள்வி: தெர்மாமீட்டர், எக்ஸ்ரே, கடிகாரம்… இவ்வளவு எதற்கு? தெருநாய் யார் உதவியும் இல்லாமல் குட்டி போடவில்லையா? இயற்கையை அதன் போக்கில் விடுங்களேன்.

பதில்: தெருநாய் குட்டி போட்டு, கண் திறந்த குட்டிகளோடு வெளியே வரும்போதுதான் நாம் பார்க்கிறோம். பிறக்கும்போதே செத்த குட்டிகளையும், குட்டி குறுக்கே சிக்கி எங்கோ புதருக்குள் செத்துப்போன தாயையும் யாரும் எண்ணுவதில்லை. பிழைத்ததை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் பிழைக்கும் என்று சொல்வது சரியான கணக்கு இல்லை.

அதே நண்பர்: இருக்கட்டும். ஆனால் மனிதர்கள் தலையிட்டுத்தான் பாதி பிரசவம் கெடுகிறது. இதையாவது ஒத்துக்கொள்வீர்களா?

பதில்: பாதி என்ற கணக்கை ஒத்துக்கொள்ள மாட்டேன். தலையீட்டால் கெடும் என்பதை முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன். பயந்த நாயின் உடலில் அட்ரினலின் ஏறும், அது கருப்பைச் சுருக்கத்தை அடக்கிவிடும். வீடு நிறைய ஆள், கையில் ஃபோன், வீடியோ, பக்கத்து வீட்டுக் குழந்தைகள் என்று கூட்டம் கூடினால் தொடங்கிய பிரசவம் அப்படியே நின்றுபோகும். நடுவில் இடம் மாற்றினாலும் அப்படித்தான். அதனால்தான் குட்டி போடுவதற்கான பெட்டியை இரண்டு வாரம் முன்பே ஒதுக்குப்புறமாக வைத்து, அதிலேயே படுத்துப் பழகவிடச் சொல்கிறேன். ஒருவர் போதும், அதுவும் நாய்க்கு மிகவும் பிடித்தவர்.

நான் அளக்கச் சொல்வதும் எழுதச் சொல்வதும் கை வைப்பதற்காக இல்லை, கை வைக்காமல் நிம்மதியாக உட்கார்ந்திருப்பதற்காக. எண் தெரிந்தவர் பொறுமையாக இருப்பார். தெரியாதவர்தான் பதறிப்போய் உள்ளே விரலை விடுவார்.

இன்னொருவர்: நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் பாட்டி வீட்டு நாய் வருடா வருடம் தானாகவே போட்டு வளர்த்தது.

பதில்: நல்ல உடல்வாகு உள்ள, நீண்ட மூக்குள்ள நாட்டு நாய்க்குப் பெரும்பாலும் நம் உதவி தேவைப்படாது. மறுக்கவில்லை. ஆனால் இன்று வீட்டுக்குள் வளரும் நாய் எல்லாம் அந்த உடல்வாகு இல்லையே. புல்டாக், பிரெஞ்ச் புல்டாக், பாஸ்டன் டெரியர் இவற்றுக்குக் குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பு குறுகல். இந்த மூன்று இனங்களிலும் பெரும்பாலான பிரசவம் அறுவை சிகிச்சையில்தான் முடிகிறது. தலை பெரிதாகவும் முகம் தட்டையாகவும் இருக்க வேண்டும் என்று மனிதன் தேர்ந்தெடுத்து இணை சேர்த்து உண்டாக்கிய உருவம் அது. உருவத்தை மாற்றியது நாம். பிரசவம் வரும்போது மட்டும் ‘இயற்கை பார்த்துக்கொள்ளும்’ என்று ஒதுங்குவது அந்த நாய்க்குச் செய்யும் துரோகம். இந்த இனங்களை வைத்திருப்பவர்கள் 50-ஆம் நாளுக்குள்ளேயே மருத்துவரிடம் பேசித் தேதி முடிவு செய்துவிடுங்கள்.

முதல் நண்பர்: என்னுடையது நாட்டு நாய்தான். அப்படியானால் நான் அளக்க வேண்டியதில்லை.

பதில்: அளந்தால் நல்லது. அளக்காவிட்டாலும் நேரத்தை மட்டும் எழுதுங்கள். அதில் நாட்டு நாய், வெளிநாட்டு நாய் என்ற பேதம் கிடையாது. இந்த வாக்குவாதத்தை இதோடு விடுவோம், கேள்விகள் சேர்ந்துகொண்டே போகின்றன.

கேள்வி: சூடு எவ்வளவு குறைந்தால் குட்டி போடும்?

பதில்: மேலே விரிவாகச் சொல்லியிருக்கிறேன். 37.2-க்குக் கீழே.

கேள்வி: பின்பக்கம் கரும்பச்சையாக ஏதோ வடிகிறது. இன்னும் ஒரு குட்டியும் வரவில்லை. அமைதியாகத்தான் படுத்திருக்கிறது. காலை வரை பார்க்கலாமா?

பதில்: பார்க்கக் கூடாது. இப்போதே தூக்கிக்கொண்டு கிளம்புங்கள், வழியிலேயே மருத்துவருக்கு ஃபோன் செய்யுங்கள்.

மற்றவர்களுக்காக: அந்தப் பச்சை நஞ்சுக்கொடியின் ஓரத்தில் இருக்கும் நிறம். முதல் குட்டிக்கு முன்னால் அது வெளியே தெரிந்தால், உள்ளே ஏதோ ஒரு குட்டியின் நஞ்சுக்கொடி கருப்பையை விட்டுப் பிரிந்துவிட்டது, அந்தக் குட்டிக்கு ஆக்ஸிஜன் போகவில்லை என்று பொருள். தாய் அமைதியாக இருப்பதை நம்பாதீர்கள். முதல் குட்டி வந்த பிறகு அதே பச்சை வந்தால் இயல்பு. ஒரே நிறம்தான், வரும் நேரம்தான் வேறு.

கேள்வி: முக்குகிறது, வரவில்லை. மருந்துக்கடையில் ஆக்ஸிடோசின் ஊசி தருகிறார்கள். எவ்வளவு போடலாம்?

பதில்: ஒரு துளிகூட வேண்டாம். குட்டி வழியில் சிக்கியிருக்கும்போது கருப்பையை இறுக்கிப் பிழிந்தால் கருப்பை கிழியும். கிழியாவிட்டாலும் நஞ்சுக்கொடி பிரிந்து உள்ளே இருக்கும் குட்டிகள் சாகும். வழி திறந்திருக்கிறதா, குட்டி எப்படிக் கிடக்கிறது என்று பார்த்த மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டிய மருந்து அது. பலமாக முக்க ஆரம்பித்து 20, 30 நிமிடத்தில் குட்டி வரவில்லை என்றால் ஊசியைத் தேடாமல் மருத்துவரிடம் போங்கள். விட்டு விட்டு லேசாக முக்கி இரண்டு மணி நேரம் ஆனாலும், பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரம் ஆனாலும் இதே பதில்தான்.

கேள்வி: சினையாக இருக்கும்போதே கால்சியம் டானிக் கொடுத்தால் பிரசவம் சுலபமாகுமாமே?

பதில்: இதுவும் வேண்டாம். வெளியிலிருந்து நிறையக் கால்சியம் கொடுத்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் வேலையை உடல் மறந்துவிடும். குட்டிகள் பால் குடிக்கத் தொடங்கித் தேவை திடீரென்று கூடும்போது ரத்தத்தில் கால்சியம் சரிந்து, தாய் விறைத்து நடுங்கி வலிப்புக்குப் போய்விடும். சின்ன இன நாய்களில் இது அதிகம். கடைசி மூன்று வாரம் நல்ல குட்டிநாய்த் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகக் கொடுங்கள். ஊசியும் வேண்டாம், டானிக்கும் வேண்டாம், மருத்துவர் எழுதித் தந்தாலொழிய.

கேள்வி: எங்கள் நாய் இணை சேரவே இல்லை. ஆனால் பால் சுரக்கிறது, பொம்மையை அணைத்துக்கொண்டு மூலையில் படுக்கிறது. சினையா?

பதில்: உண்மையிலேயே இணை சேரவில்லை என்றால் பொய்ச்சினை. உதிரப்போக்கு முடிந்து ஒன்றரை, இரண்டு மாதத்தில் ஹார்மோன் இறங்கும்போது வரும், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானாக அடங்கும். காம்பைத் தொடாதீர்கள், தொட்டால் இன்னும் சுரக்கும். சந்தேகம் இருந்தால் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கால் முதலில் வருகிறது. தலைகீழாக இருக்கிறதே!

பதில்: நாய்க்குட்டிகளில் பத்தில் நான்கு அப்படித்தான் வரும், இயல்பு. பின்னங்கால்கள் இரண்டும் நீட்டி வந்தால் தாயே தள்ளிவிடும். வால் மட்டும் தெரிந்து கால் தெரியாவிட்டால், அல்லது பாதி வந்து நின்றுவிட்டால் அவசரம். இழுக்காதீர்கள்.

கேள்வி: நாள் 67. ஓர் அறிகுறியும் இல்லை. எக்ஸ்ரேயில் ஒரே ஒரு குட்டி.

பதில்: இன்றே மருத்துவரைப் பாருங்கள். பிரசவத்தைத் தொடங்கச் சொல்லிச் சேதி அனுப்புவது குட்டிகள்தான். ஒரே குட்டி இருந்தால் அந்தச் சேதி பலமாகப் போகாமல் நாள் தள்ளிப்போகும், குட்டியும் உள்ளேயே பெரிதாகும். ஸ்கேனில் குட்டியின் இதயத்துடிப்பைப் பார்ப்பார்கள். நிமிடத்துக்கு 200-க்கு மேல் இருக்க வேண்டும். 180-க்குக் கீழே போனால் குட்டி திணறுகிறது.

கேள்வி: குட்டிகளுக்குத் தடுப்பூசி எப்போது? என்ன பெயர் வைக்கலாம்?

பதில்: தடுப்பூசியை மருத்துவரிடம் கேளுங்கள். பெயர் உங்கள் விருப்பம்.

கேள்வி: பால் வந்துவிட்டது, இன்று போடுமா?

பதில்: மேலே பாருங்கள். பிதுக்காதீர்கள்.

கேள்வி: எக்ஸ்ரேயில் ஐந்து. நான்கு வந்துவிட்டன. கடைசிக் குட்டி வந்து ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. தாய் நிம்மதியாகப் படுத்துப் பால் கொடுக்கிறது, முக்கவில்லை.

பதில்: நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறீர்கள், நல்லது. நடுவில் இப்படி ஓய்வெடுப்பது உண்டு. குட்டிகள் சப்பச் சப்பத் தாயின் உடலிலேயே ஆக்ஸிடோசின் சுரக்கும், அதனால் காம்பிலிருந்து எடுக்காதீர்கள். கயிறு கட்டி ஐந்து நிமிடம் வெளியே அழைத்துப் போய்ச் சிறுநீர் கழிக்கவிடுங்கள். கையில் டார்ச்சும் துண்டும் இருக்கட்டும், அந்த நடையிலேயே குட்டி விழுந்துவிடலாம். திரும்பி வந்து முக்க ஆரம்பித்தால் அரை மணி நேரம்தான் கெடு. முக்காமலே இருந்தாலும், நான்காவது குட்டியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆனதும் மருத்துவருக்கு ஃபோன் செய்துவிடுங்கள்.