கருந்துளை உறிஞ்சாது தங்கச்சி

அண்ணே வணக்கம். கருந்துளை பக்கத்துல எது போனாலும் உறிஞ்சிரும்னு எம் மகளுக்குச் சொல்லிக் குடுத்தேன், எட்டாவது படிக்கிறா. அப்ப நம்ம பால்வீதி நடுவுலயே ஒண்ணு இருக்குங்கிறாங்களே, சுத்தி இருக்க நட்சத்திரமெல்லாம் ஏம்மா இன்னும் மிச்சமிருக்குன்னு கேட்டுட்டா. என்ன சொல்றதுன்னு தெரியல.
- ஒரு வாசகி, உசிலம்பட்டி

அன்புத் தங்கச்சிக்கு,

பாப்பா கேட்டது அருமையான கேள்வி. உறிஞ்சும்ங்கிற பேச்சே தப்பும்மா. இப்ப சூரியன எடுத்துட்டு அதே எடையில ஒரு கருந்துளைய வச்சா, பூமி பாட்டுக்கு அதே 365 நாள்லதான் சுத்தும், இருட்டும் குளிரும்தான் வரும். அந்தக் கருந்துளையோட குறுக்களவு வெறும் 6 கிலோமீட்டர், மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டுல ஏறினா திருப்பரங்குன்றம் வர்றதுக்குள்ள தாண்டிரலாம். ஈர்ப்பு எடையப் பொறுத்தது, ரொம்ப ரொம்ப கிட்ட போனாதான் திரும்ப முடியாது.

பால்வீதி நடுவுல இருக்கிறது சூரியன மாதிரி 40 லட்சம் மடங்கு எடை. அதச் சுத்தி எஸ்2ன்னு ஒரு நட்சத்திரம் 16 வருஷத்துக்கு ஒருக்கா சுத்துது, 2018 மே மாசம் ரொம்ப நெருங்கிப் போச்சு, நொடிக்கு 7,000 கிலோமீட்டருக்கு மேல வேகம், போன வேகத்துல வளைஞ்சு திரும்பி வந்துருச்சு! இந்த மாதிரி நட்சத்திரங்கள வருஷக்கணக்கா விடாம பாத்துதான் வானியல் விஞ்ஞானிங்க ரைன்ஹார்ட் கென்ஸல் குழுவும் ஆண்ட்ரியா கெஸ் குழுவும் நடுவுல இவ்வளவு எடை இருக்குன்னு கணக்குப் போட்டாங்க, 2020ல நோபல் கிடைச்சுச்சு. பாப்பா கேட்ட அந்த மிச்சமிருக்க நட்சத்திரங்கதான் அவங்களுக்குச் சாட்சியே.

அப்ப உள்ள விழறது எதுன்னா, வாயு. ஒண்ணோட ஒண்ணு உரசி சுத்துற சக்தி கொறஞ்சு கொஞ்சங்கொஞ்சமா உள்ள இறங்கும், இறங்கயில பயங்கரமா சூடாகி ஒளி விடும். 2022 மே 12ல வெளியிட்ட இந்தப் பால்வீதிக் கருந்துளையோட படத்துல வளையமா தெரியிறது அந்த ஒளிதான், நடுவுல கருப்பா இருக்கிறது கருந்துளையோட நிழல்.

இன்னொண்ணு, இத எழுதயில எனக்கே சிலிர்க்குது. அது இருக்கிற திசை நம்ம மூல நட்சத்திரத்துப் பக்கம். ஆவணி மூலத்துக்குப் பிட்டுத் திருவிழா பாத்துட்டு வீட்டுக்கு வந்து மொட்டை மாடியில நின்னு தெக்க பாருங்க, நிலா அதுக்குக் கிட்டதான் நிக்கும். நிலா வெளிச்சத்துல பால்வீதி தெரியாது, பத்து நாள் கழிச்சு ஏழரை எட்டு மணிக்கு மேகமில்லாம இருந்தா பாப்பாவ ஊருக்கு வெளிய தோட்டத்துப் பக்கம் கூட்டிட்டுப் போங்க, தேள் மாதிரி தெரியிற விருச்சிக நட்சத்திரக் கூட்டத்தோட வாலுக்கு இடப்பக்கம் பொகை மாதிரி தெரியிற இடந்தான்.