எஞ்சின் நின்றால் கணினி பார்த்துக்கொள்ளாதா?

புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "வீட்டில் சிமுலேட்டரில் ஏர்பஸ் ஏ320 விமானம் ஓட்டிப் பழகுகிறேன். வி1 (அதற்குமேல் புறப்பாட்டை நிறுத்தக் கூடாத வேகம்) தாண்டியதும் இடது எஞ்சின் நிற்கும்படி செட் செய்தேன். விமானக் கணினியில் எல்லாம் சரியாகப் போட்டிருந்தும் விமானம் ரன்வேயை விட்டு இடப்பக்கம் இறங்கிவிட்டது. கணினி ஏன் காப்பாற்றவில்லை? காசிமேட்டில் படகு ஓட்டும் அப்பா பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்."

அப்பா சிரித்ததில் நியாயம் இருக்கிறது. வலப்பக்கம் மட்டும் துடுப்பு போட்டால் படகு எங்கே திரும்பும் என்று அவருக்குத் தெரியும். இடது எஞ்சின் நின்றதும் வலது எஞ்சின் முழு மூச்சில் தள்ளுகிறது, மூக்கு இடப்பக்கம் ஓடுகிறது. அதை நேராக்குவது வாலில் இருக்கும் சுக்கான், அதாவது அதன் பெடலை மிதிக்கும் உங்கள் வலது கால். ஆட்டோபைலட்டைத் தரையில் போடவே முடியாது. போயிங் 777-ல் சுக்கானைத் தானாகவே கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு உண்டு, ஏ320-ல் கிடையாது. (கீபோர்டில் ஓட்டுகிறீர்கள் என்றால் பாதிக் குற்றம் கீபோர்டின் மேல்தான்.)

இன்னொரு விஷயம். வி1, விஆர் (மூக்கைத் தூக்கும் வேகம்), வி2 (ஒரு எஞ்சின் நின்றாலும் பத்திரமாக ஏறும் வேகம்) மூன்றையும் ஏ320-ன் கணினி கண்டுபிடிப்பதில்லை. எடை, காற்று, வெப்பம், ரன்வே நீளம் வைத்து பைலட் தனியாகக் கணக்குப் போட்டுத் தட்டச்சு செய்கிறார். 2009 மார்ச்சில் மெல்போர்னில் ஒரு ஏ340-க்கு 362 டன் என்பதற்குப் பதில் 262 டன் என்று கணக்கு போட்டுவிட்டார்கள். அதனால் வேகமும் எஞ்சின் விசையும் தேவைக்குக் குறைவாக வந்தன. வால் தரையில் உரசி, ரன்வே முடிந்த பிறகுதான் எழும்பியது.

வி1 வரை கேப்டனின் கை த்ரஸ்ட் லீவர்மேல் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) இருக்கும். வி1 என்று குரல் கேட்டதும் கையை எடுத்துவிடுவார். இனி நிறுத்துவது என்ற பேச்சே இல்லை, கை பழக்கதோஷத்தில்கூட லீவரை இழுத்துவிடக் கூடாது. நீங்களும் மவுஸை விட்டுக் கையை எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

சரி, கணினி என்னதான் செய்கிறது? எழும்பிய பிறகு நிறையச் செய்கிறது. எஞ்சின் போனதை உணர்ந்து, வேகம் வி2-க்கும் வி2 கூட்டல் 15 நாட்டுக்கும் (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்) நடுவில் நிற்கும்படி மூக்கை எவ்வளவு தூக்குவது என்று திரையில் கோடு காட்டும். வழக்கமான 15 டிகிரிக்குப் பதில் முதலில் 12.5 டிகிரி போதும். பக்கச் சறுக்கலைக் காட்டும் குறி நீலமாக மாறும். அது நடுவில் வரும்வரை காலை அழுத்துங்கள். அந்த ரன்வேக்கு ஒற்றை எஞ்சின் பாதை தரவுத்தளத்தில் இருந்து, வழக்கமான பாதையிலிருந்து அது பிரியும் இடத்துக்கு முன்னாலேயே எஞ்சின் போயிருந்தால், அதை மஞ்சளில் வரைந்து காட்டும். காட்டுவதோடு சரி. ஏற்றுக்கொள்வது பைலட்டின் வேலை. மீனம்பாக்கத்தில் ரன்வேக்குப் பக்கத்திலேயே பரங்கிமலை நிற்பதை நினைத்துக்கொண்டால் அப்படியொரு பாதை எதற்கு என்று புரியும்.

ஏற்றத்தை நிறுத்தி, சமதளமாகப் பறந்து வேகம் பிடித்து, ஃபிளாப்பை (புறப்பட இறக்கையிலிருந்து நீட்டி வைத்த தகடுகள்) உள்ளே இழுக்கும் கட்டமும் தானாக வராது. அதற்கான உயரம் வந்ததும் குமிழை நீங்கள்தான் அழுத்த வேண்டும்.

மறுபடி முயலும்போது, சக்கரத்தை உள்ளே இழுத்து, அலாரத்தை அணைத்து, சுக்கானை டிரிம் செய்து (காலை அழுத்தாமலே அது அந்த நிலையில் நிற்கும்படி வைத்து) ஆட்டோபைலட்டைப் போடுங்கள். எந்த எஞ்சின் போனது, எதை மூடுவது என்ற ஆராய்ச்சியெல்லாம் 400 அடிக்கு மேலே.