அபாத்திரமாய் – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

எனக்கு வயது 29. மதுரையில் ஒரு தனியார் வங்கியில் நகைக்கடன் பிரிவில் வேலை. பரம்பரை சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். கல்லூரி நாட்களிலிருந்து வேறொரு சுயாதீன சபைக்குப் போகிறேன். அங்கே சாட்சி சொல்கிறவர்கள் எல்லோரும் இரட்சிக்கப்பட்ட, அதாவது மனம் மாறி இயேசுவை ஏற்றுக்கொண்ட தேதியைச் சொல்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு தேதி இல்லை. கன்வென்ஷன்களில் ஐந்தாறு முறை கை உயர்த்தியிருக்கிறேன். இரண்டு வாரம் சமாதானமாக இருக்கும். அப்புறம், நான் உண்மையிலேயே விசுவாசித்தேனா என்ற கேள்வி திரும்ப வந்துவிடும்.

“உங்களை நீங்களே சோதித்து அறியுங்கள்” என்று 2 கொரிந்தியர் 13:5 சொல்வதால் தினமும் இரவு ஒரு நோட்டில் என்னைச் சோதித்து எழுதுகிறேன். ஒரு பக்கத்தைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். அபாத்திரமாய், அதாவது தகாத விதமாய்ப் புசித்துவிடுவேனோ என்ற பயத்தில் பதினான்கு மாதமாக ராப்போஜனம் (சபையில் அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்து) எடுக்கவில்லை. தூக்கமும் சரியில்லை. என் கத்தோலிக்க நண்பன் “இரட்சிக்கப்பட்டோமான்னு யாருக்குமே நிச்சயமாத் தெரியாதுடா” என்கிறான். சபையில் ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் இழக்கவே முடியாது என்கிறார்கள். மன்னிப்பே இல்லை என்று வேதம் சொல்கிற, ஆவியானவருக்கு விரோதமான பாவத்தைச் செய்துவிட்டேனோ என்றும் பயம். மறுபடி ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா? இரட்சிப்பின் நிச்சயம் ஒருவனுக்கு எப்படித்தான் வரும்?

பெயர் வேண்டாம் ஐயா.

*

அன்புள்ள தம்பி,

இந்த மாதிரிக் கடிதங்களை வழக்கமாக எனக்குத் தெரிந்த ஓர் ஆயருக்கு அனுப்பிவிடுவேன். போன வாரம் திருப்பரங்குன்றம் போகிற வழியில் பசுமலையில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. ஜன்னல் வழியாக மலையைப் பார்த்ததும் அம்மாச்சியின் சனிக்கிழமைகள் ஞாபகம் வந்தன. வீடு திரும்பியும் அதே நினைப்பாக இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. அதனால் நானே எழுதுகிறேன்.

முதலில் தூக்கம். ஒரு பயம் திரும்பத் திரும்ப வந்து, சரிபார்த்தால் கொஞ்சம் அடங்கி, மறுபடி முளைக்கிறது என்றால் அதற்கு மருத்துவம் இருக்கிறது. மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். அது அவிசுவாசம் என்று எவராவது சொன்னால், அவருக்குப் பல்வலி வந்தபோது எங்கே போனார் என்று கேளுங்கள். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில், சொன்ன பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டுத் தற்கொலை எண்ணம்வரை போனவர். சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர், குருவிடம் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்பவரைக் களைப்படைய வைத்தவர். உங்களுக்குத் துணைக்குப் பெரிய ஆட்களே இருக்கிறார்கள்.

ஆவியானவருக்கு விரோதமான பாவம்: அதைச் செய்தவன் அதைப் பற்றிக் கவலைப்பட்டு எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டான். விடுங்கள். இரட்சிப்பை இழக்க முடியுமா முடியாதா என்பதற்கு 1618இல் ஹாலந்தில் டார்ட் நகரில் சீர்திருத்த சபையார் மாதக்கணக்கில் கூடி உட்கார்ந்தார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. நாம் இருவரும் சேர்ந்து அதை ஓயவைக்கப் போவதில்லை.

தேதி விஷயத்துக்கு மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி போதும். அவருக்குத் தேதி மட்டுமல்ல, நேரமே உண்டு. 1738 மே 24, இரவு ஒன்பதுக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில். சரி, அதோடு முடிந்ததா? எட்டு மாதம் ஆவதற்குள், 1739 ஜனவரி 4ஆம் தேதி, ‘நான் இப்போது கிறிஸ்தவன் அல்ல’ என்று தன் நாட்குறிப்பில் எழுதுகிறார். அதற்கப்புறமும் ஐம்பது வருடம் பிரசங்கம் செய்தார். உங்கள் சபையில் சாட்சி சொல்கிறவர்கள் மே மாதத்தைச் சொல்கிறார்கள், ஜனவரியைச் சொல்வதில்லை.

உங்கள் நண்பன் சொல்வது அவன் திருச்சபையின் பழைய நிலைப்பாடுதான். 1547இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னது. ஆனால் அவர்களிடம் அதைவிட நல்ல பதில் ஒன்றும் இருக்கிறது. 1431இல், பிரெஞ்சுப் படையோடு போருக்குப் போன ஜோன் ஆஃப் ஆர்க்கை விசாரித்தவர்கள், நீ தேவ அருளில் இருக்கிறாயா என்று கேட்டார்கள். ஆமென்றாலும் மாட்டிக்கொள்வாள், இல்லையென்றாலும் மாட்டிக்கொள்வாள். எழுத்தறியாத அந்தப் பெண், ‘இல்லையென்றால் கடவுள் என்னை அதில் வைப்பாராக, இருந்தால் அதில் காப்பாராக’ என்றாள். நாலு நாளைக்கு நோட்டை மூடிவிட்டு இதைச் சொல்லிவிட்டுப் படுத்துப் பாருங்கள்.

நோட்டு என்றதும் கோபம் வருகிறது. நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். “காலை ஜெபம் 12 நிமிடம், 20 ஆக வேண்டும். கவனச் சிதறல் 3 முறை. ரீல்ஸ். கண்ணின் இச்சை. பெருமை. பெருமை இல்லை என்று நினைத்ததில் பெருமை.” கடைசி வரியில் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். தம்பி, இந்தப் பக்கத்தில் உங்களைத் தவிர ஒரு ஆள் இல்லை. பகலெல்லாம் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். தாலிக்கொடியைக் கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் கயிறோடு எத்தனை பெண்கள் போயிருப்பார்கள்? வீட்டில் அம்மா இல்லையா? பக்கத்து சீட்டில் ஆள் இல்லையா? பகலில் தங்கத்தை உரசிப் பார்க்கிறீர்கள், ராத்திரி ஆத்துமாவை உரசிப் பார்க்கிறீர்கள். உரசிக்கொண்டே இருந்தால் தங்கமும் தேயும்.

நீங்கள் எடுத்துக்காட்டிய வசனத்துக்கு முன்னால் இருப்பதைப் படித்தீர்களா? கிறிஸ்து எனக்குள் பேசுகிறார் என்பதற்கு அத்தாட்சி கேட்கிறீர்களே என்று மூன்றாம் வசனத்தில் பவுல் கேட்கிறார். உங்களைச் சோதியுங்கள் என்பது அதற்கான பதில். நம் ஊரில் ஒருவன் “நீ யோக்கியனா” என்றால் “மொத உன்னயப் பாரு” என்போமே, அந்தத் தொனி. அதே பவுல் அதே கொரிந்தியருக்கு முந்தின நிருபத்தில் “நானும் என்னைக்குறித்துத் தீர்ப்புச் சொல்லுகிறதில்லை” என்று எழுதியிருக்கிறார். அதை ஏன் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கவில்லை?

அபாத்திரமாய் என்ற சொல்லுக்கு வருகிறேன். பதினான்கு மாதம் உங்களைப் பட்டினி போட்ட சொல். அபாத்திரன், அதாவது தகுதியில்லாதவன், புசித்தால் என்று 1 கொரிந்தியர் 11இல் பவுல் எழுதவில்லை. அபாத்திரமாய்ப் புசித்தால் என்றுதான் இருக்கிறது. தமிழ் படித்தவர்தானே நீங்கள்? அது ஆளுக்கு அடைமொழி இல்லை, வினைக்கு அடைமொழி. தகுதியில்லாத ஆள் வரக்கூடாது என்றால் அந்த மேஜைக்கு யார்தான் வர முடியும்? எப்படிச் சாப்பிடுகிறாய் என்பதுதான் கேள்வி. கொரிந்துவில் எப்படிச் சாப்பிட்டார்கள்? இருக்கப்பட்டவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிட்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். “ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்.” தன்னைத்தானே சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்பது இந்தப் பந்தித் தகராறுக்கு நடுவில் வருகிற வாக்கியம். தீர்வாகப் பவுல் சொல்வதும் பந்தி சமாச்சாரம்தான்: “ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.” ஜெபத்தை இருபது நிமிடம் ஆக்கு என்று சொல்லவில்லை. பக்கத்து இலையைப் பார் என்கிறார். மரணத்தைவிட்டு நீங்கி ஜீவனுக்குட்பட்டிருக்கிறோம் என்பதை எப்படி அறிந்திருக்கிறோம் என்று யோவானும் சொல்கிறார்: “சகோதரரிடத்தில் அன்புகூருகிறபடியால்.” நிச்சயத்தைப் பற்றிய வசனம் அது. கன்வென்ஷனில் யாரும் இதை வைத்துக் கை தூக்கச் சொல்வதில்லை.

1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள், நியூ இங்கிலாந்தில் பியூரிட்டன் என்ற கண்டிப்பான சீர்திருத்தக்காரர்களின் வழியில் வந்தவர்கள். கிருபை தன்னிடம் எப்படி வந்தது என்று சபை நடுவே எழுந்து சொன்னால்தான் அங்கத்தினராகலாம் என்று ஒரு காலத்தில் அங்கே சட்டமே இருந்தது. சொல்லத் தெரியாத பிள்ளைகள் பெருகிப்போய் 1662இல், அவர்களைப் பாதி அங்கத்தினராக வைத்துக்கொள்ள, பாதி வழி உடன்படிக்கை என்று ஓர் ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. உங்கள் தேதிப் பிரச்சினைக்கு அவ்வளவு வயசு. ஆனால் அதே வழியில் வந்தவர்கள் 1847இல் மதுரையில் வேறொரு சோதனை வைத்தார்கள். மிஷன் ஊழியர்கள் சாதியை விட்டதற்கு அடையாளமாக, எல்லோரோடும் உட்கார்ந்து ஒரே சமையலைச் சாப்பிட வேண்டும். மாட்டேன் என்று பலர் விலகினார்கள். கிருபையைப் பற்றிக் கேட்டிருந்தால் மணிக்கணக்கில் பேசியிருப்பார்கள். சோற்றைப் போட்டதும்தான் தெரிந்தது.

அம்மாச்சிக்கு இந்தச் சரித்திரமெல்லாம் தெரியாது. ராப்போஜனத்துக்கு முந்தின சனிக்கிழமை ஆயத்த ஆராதனை முடிந்ததும் டார்ச் லைட்டை என் கையில் கொடுத்துத் தெருவில் இறங்கிவிடுவாள். அதுதான் அவள் சுயபரிசோதனை. முருங்கைக் கொப்பை ஒடித்ததற்காகத் திட்டின வீடு, சீட்டுப் பணத்தில் சண்டை வந்த வீடு என்று வரிசை உண்டு. வாசலில் நின்று, “ஏதும் மனசுல வச்சுக்கிறாதத்தா, நாளைக்கு ராப்போஜனம்” என்பாள். “ராப்போஜனம் வந்தாத்தான் ஒனக்கு எங்க ஞாபகம் வருமாக்கும்” என்று பதில் வரும். இருவரும் சிரிப்பார்கள். சில சமயம் புதுச் சண்டையும் கிளம்பும். நான் கொசுவை அடித்துக்கொண்டு நிற்பேன்.

தெருக்கோடியில் ஓர் அக்கா வீடு. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தவர். அவரும் எங்கள் சபைதான். அங்கேயும் அம்மாச்சி போவாள், மன்னிப்பும் கேட்பாள். படி ஏற மாட்டாள். அந்த அக்கா தண்ணீர் கொண்டுவந்தால், “இப்பத்தான் காப்பி குடிச்சேன்” என்பாள். ஒருமுறை நான் அந்தத் தம்ளரை வாங்கிக் கடகடவென்று குடித்துவிட்டேன். வீடு வந்து சேரும்வரை தொடையில் கிள்ளு. மறுநாள் காலை இருவரும் வெள்ளைச் சேலையில் போய், அடுத்தடுத்து முழங்கால்போட்டு, ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணினார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாச்சிக்கு இரட்சிப்பின் நிச்சயம் எக்கச்சக்கம். ஒரு நாள்கூடச் சந்தேகப்பட்டதில்லை. அவளைப் பார்த்தபிறகு, நிச்சயமாகப் பேசுகிறவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம், சந்தேகப்படுகிறவர்கள்மேல் கொஞ்சம் பிரியம்.

கடைசி மூன்று மாதம் அவள் படுக்கையில் கிடந்தாள். மருமகள்கள் முறை போட்டுப் பார்த்தும் சமாளிக்க முடியவில்லை. இரவுக்கு அந்த அக்காதான் வந்தார். ஒரு ராத்திரி கதவோரம் நின்றேன். வாழ்நாளில் முதல்தடவையாக அம்மாச்சியின் குரலில் பயம். “ஏத்தா, நான் போயிருவேன்ல?” என்று கேட்டாள். பரலோகத்தைத்தான் கேட்டாள். அந்த அக்கா கஞ்சியை ஆற்றிக்கொண்டே, “எங்கயும் போக வேணாம், வாயைத் தொறங்க” என்றார். அம்மாச்சி திறந்தாள். கிண்ணம் காலியாகும்வரை குடித்தாள். மனம் மாறித்தான் குடித்தாளா, வேறு வழியில்லாமல் குடித்தாளா என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்பூன் பல்லில் படுகிற சத்தம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

மறு ஞானஸ்நானம் பற்றிக் கேட்டது விட்டுப்போயிற்று. அதை எழுத ஆரம்பித்தால் எனக்கு இரண்டு பக்கமும் அடி விழும். நீங்கள் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். வருகிற ஞாயிறு எந்தச் சபையில் ராப்போஜனம் என்று விசாரித்து வையுங்கள்.