லைக்காவின் படமும் ஒன்பதாம் வகுப்பும்

ஐயா, வணக்கம்.

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புக்குப் படம் பார்த்து எழுதும் பயிற்சி கொடுக்கும்போது, வழக்கமான சந்தை, திருவிழாப் படங்களை விட்டுவிட்டு ஒரு நாயின் புகைப்படத்தைப் பிரிண்ட் எடுத்துக் கரும்பலகையில் ஒட்டினேன். விண்வெளிக்குப் போன லைக்காவின் படம் அது. யாரென்று சொல்லவில்லை. "பார்த்ததை எழுதுங்கள்" என்றேன், அவ்வளவுதான்.

ஒருவன் "நாய் சந்தோஷமாகக் காரில் ஊருக்குப் போகிறது" என்று எழுதினான். ஒரு பெண் "யாரோ பிடித்து அடைத்துவிட்டார்கள், பயந்துபோய் இருக்கிறது" என்றாள். இன்னொருவனுக்கு அது திருடனைப் பிடிக்கக் காத்திருக்கும் போலீஸ் நாய். ஒரு பையன் மட்டும் "முகம் கறுப்பு. நடுவில் வெள்ளைக் கோடு. காது நிமிர்ந்திருக்கிறது, நுனி மடங்கியிருக்கிறது. உடம்பில் பெல்ட் மாட்டியிருக்கிறார்கள். திரும்பிப் படுக்க இடம் இல்லை" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டான்.

அப்புறம் லைக்காவின் கதையைச் சொல்லி மறுபடி எழுதச் சொன்னேன். இந்த முறை வகுப்பு முழுக்க ஒரே மாதிரி எழுதியது. சோகமான கண்கள், வழியும் கண்ணீர், "என்னை ஏன் அனுப்புகிறீர்கள் என்று கேட்கிறது" என்ற வரி. காரில் ஊருக்கு அனுப்பியவனும் அப்படித்தான் எழுதினான்.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது ஒருவர், "படத்தை யார் எப்படி வேண்டுமானாலும் பார்க்கலாம், எல்லாருக்கும் முழு மதிப்பெண் போடுங்கள்" என்றார். இன்னொருவர் அந்தப் பையன் எழுதியது வெறும் பட்டியல், அதில் வர்ணனையே இல்லை என்றார். எதை ஏற்பது? நான் கதையைச் சொன்னதே தவறோ என்றும் ஒரு குழப்பம்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பையனுக்கு முழு மதிப்பெண் போடுங்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம். "திரும்பிப் படுக்க இடம் இல்லை" என்று அவன் எழுதியது அப்படியே உண்மை. ஸ்புட்னிக் 2 என்ற சோவியத் விண்கலத்தில் லைக்கா நிற்கலாம், உட்காரலாம், படுக்கலாம், திரும்ப முடியாது. அதற்கென்றே கட்டி வைத்திருந்தார்கள். விண்வெளி என்ற சொல்லே காதில் விழாத ஒரு பையன், படத்தை மட்டும் பார்த்து அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறான். இதைப் பட்டியல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

மற்ற மூன்று பேரையும் பாருங்கள். அவர்களும் அதே பெல்ட்டைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஒருவனுக்கு அது காரின் சீட் பெல்ட், அதனால் நாய் ஊருக்குப் போகிறது. ஒருத்திக்கு அது கட்டிப்போட்ட வார், அதனால் பயம். இன்னொருவனுக்கு அது போலீஸ் நாய்க்கு மாட்டும் பட்டை, நிமிர்ந்த காதும் அதற்குத் தோதாகச் சேர்ந்துகொண்டது. மூவரும் பெல்ட்டிலிருந்து தொடங்கி எங்கெங்கோ போனார்கள். ஆனால் பெல்ட் என்ற சொல் மூவர் தாளிலும் இல்லை, போய்ச் சேர்ந்த இடம் மட்டும்தான் இருக்கிறது. நாலாவது பையன் எங்கும் போகாமல் பெல்ட்டிலேயே நின்றான். ஒரே படத்தைப் பலர் பல விதமாகச் சொல்வதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். கண்ணில் பட்டது ஒன்றே. எழுதும்போது அதை விட்டுவிட்டு முடிவை மட்டும் எழுதுகிறோம்.

பெரியவர்களும் இதைத்தான் செய்கிறார்கள் என்பதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. படத்தைப் பார்த்து வாக்கியம் எழுதக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பதற்காக அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு தொகுப்பைச் செய்தார்கள். ஃபிளிக்கர் 8கே என்று பெயர். சுமார் 8,000 படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து வாக்கியங்கள், இணையம் வழியாகக் கூலிக்கு எழுதித் தருபவர்களிடம் வாங்கியவை. அதில் நாய்ப் படங்கள் ஏராளம். தொகுப்பின் தொடக்கத்திலேயே வரும் ஒரு படத்தில் தெருவில் இரண்டு நாய்கள். ஒன்று கறுப்பு, மற்றது வெள்ளையில் பழுப்புப் புள்ளிகள் கொண்டது. ஐந்து பேர் எழுதியதை ஏறத்தாழ இப்படித் தமிழில் சொல்லலாம். கறுப்பு நாயும் புள்ளி நாயும் சண்டை போடுகின்றன. கறுப்பு நாயும் மூன்று நிற நாயும் சாலையில் விளையாடுகின்றன. கறுப்பு நாயும் பழுப்புப் புள்ளி கொண்ட வெள்ளை நாயும் தெருவில் ஒன்றையொன்று முறைத்துப் பார்க்கின்றன. வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த இரண்டு நாய்கள் சாலையில் ஒன்றையொன்று பார்க்கின்றன. தளம் போட்ட தரையில் இரண்டு நாய்கள் ஒன்றை நோக்கி ஒன்று வருகின்றன.

ஒரே படம், ஒரே இரண்டு நாய்கள். ஒருவருக்குச் சண்டை, இன்னொருவருக்கு விளையாட்டு. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. அந்த நாய்களிடமோ அவற்றை வளர்த்தவர்களிடமோ போய்க் கேட்கவும் வழியில்லை. சண்டையா விளையாட்டா என்பது அந்த நொடிக்கு முன்னும் பின்னும் நடந்ததில் இருக்கிறது. முன்னங்காலை மடக்கி, பின்புறத்தைத் தூக்கி ஒரு நாய் அழைத்தால் அது விளையாட்டு என்று நாய் வளர்த்தவர்கள் சட்டென்று சொல்வார்கள். அப்படி ஒன்றும் படத்தில் இல்லாதபோது, பார்ப்பவர் தன் தெருவில் பார்த்த நாய்களை வைத்து இட்டு நிரப்பிக்கொள்கிறார். கடைசி இரண்டு வாக்கியங்களை எழுதியவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுமையாக இருந்திருக்கிறார்கள். உங்கள் பையன் அந்தக் கட்சி.

இப்போது உங்கள் இரண்டாவது பயிற்சிக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது அதுதான். கதையைச் சொன்னதும் வகுப்பு முழுவதும் கண்ணீரைப் பார்த்தது என்கிறீர்கள். கரும்பலகையில் இருந்த தாள் மாறவில்லை. நாயின் முகத்தில் ஒரு ரோமம்கூட அசையவில்லை. ஏறக்குறைய இதே சோதனையை அமெரிக்காவின் அரிசோனா மாகாணப் பல்கலைக்கழகத்தில் ஹாலி மொலினாரோவும் கிளைவ் வின்னும் செய்திருக்கிறார்கள், 2025இல் வெளியானது. ஒரு நாய்க்குப் பிடித்ததைக் காட்டியும் பிடிக்காததைக் காட்டியும் வீடியோ எடுத்தார்கள். பிறகு வெட்டி ஒட்டி மாற்றினார்கள். வாக்குவம் கிளீனரைப் பார்க்கும் நாய் என்று காட்டினால், நாய் உண்மையில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், பார்த்தவர்கள் அது கலங்கியிருக்கிறது என்றார்கள். அதே நாய் வெளியே கூட்டிப்போகும் கயிற்றைப் பார்ப்பதாகக் காட்டினால் சந்தோஷம் என்றார்கள். நாயைக் கேட்டால் நாயைச் சுற்றியிருப்பதைப் பார்த்துப் பதில் சொல்கிறோம்.

அதற்கு முன்பே, 2009இல், நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ், நாய்கள் 'தப்பு செய்துவிட்டு' முழிக்கும் முழியைச் சோதித்தார். தின்னக்கூடாது என்று சொல்லித் தின்பண்டத்தை வைத்துவிட்டு எஜமானர் வெளியே போவார். நாய் தின்றதா இல்லையா என்று அவரிடம் சில நேரம் உண்மையையும் சில நேரம் பொய்யையும் சொன்னார்கள். முழி வந்தது தின்ற நாய்க்கு அல்ல, திட்டு வாங்கிய நாய்க்கு. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் அதிகமாகவே இருந்தது. நம் வீடுகளில் எத்தனை நாய்கள் இப்படிச் செய்யாத குற்றத்துக்கு முகத்தை வைத்தே தண்டனை வாங்கியிருக்கும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சரி, லைக்காவின் படத்துக்கே வருவோம். மாஸ்கோ தெருக்களில் திரிந்த நாய் அது. சுமார் ஆறு கிலோ எடை. குளிரையும் பசியையும் தாங்கிப் பழகியவை என்பதால் தெருநாய்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பெண் நாய்களாகப் பார்த்து எடுத்தார்கள், சிறுநீர் கழிக்கக் கலத்துக்குள் காலைத் தூக்க இடம் வேண்டாமே. வெளிர் நிற ரோமம் உள்ள நாய்களாக இருக்கும்படியும் பார்த்துக்கொண்டார்கள். காரணம், கேமராவில் தெளிவாகத் தெரிய வேண்டும். அதாவது அந்த நாயின் உடம்பில் உள்ள வெள்ளை, அது தேர்வானதற்கான காரணங்களில் ஒன்று. உங்கள் மாணவர்களிடம் இதைச் சொல்லிவிட்டுப் படத்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளை ரோமம் வேறு மாதிரி தெரியும்.

மேலே அனுப்புவதற்கு முன் நாய்களைச் சின்னச் சின்னக் கூண்டுகளில், ஒன்றைவிட ஒன்று சிறியதாக, இருபது நாள் வரைகூட அடைத்துப் பழக்கினார்கள். 1957 நவம்பர் 3 அன்று லைக்கா போனது. கலம் திரும்பி வர ஏற்பாடு எதுவும் கிடையாது. அனுப்பியவர்களுக்கு அது தெரியும். ஏவும் நேரத்தில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 103இலிருந்து 240க்கு ஏறியது. நாய் பல நாள் உயிரோடு இருந்தது என்றுதான் உலகம் நெடுங்காலம் நம்பியது. 2002இல்தான் ரஷ்ய விஞ்ஞானி திமித்ரி மலாஷென்கோவ், கலத்துக்குள் சூடு ஏறி ஐந்து முதல் ஏழு மணி நேரத்துக்குள் அது இறந்துபோனது என்று வெளியே சொன்னார்.

அந்த நவம்பரில் லைக்காவின் முகத்தை எத்தனை பேர் எத்தனை விதமாகப் பார்த்தார்கள்! சோவியத் நாட்டில் அது வீராங்கனை. பிறகு சிகரெட் பெட்டியிலும் அந்த முகம் ஏறியது. லண்டனில் அது பலி. நாய்ப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று, நாய் மேலே இருக்கும்வரை தினமும் ஒரு நிமிடம் மௌனமாக இருக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. நியூயார்க்கில் ஐ.நா. கட்டடத்துக்கு முன் சிலர் தங்கள் நாய்களோடு வந்து ஆர்ப்பாட்டம் செய்தார்கள். கவனியுங்கள், லண்டன்காரர்கள் சொன்னதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருந்தது. ஆனால் அதை அவர்கள் நாயின் கண்ணிலிருந்து கண்டுபிடிக்கவில்லை. நாய் திரும்பி வராது என்ற செய்தியிலிருந்து சொன்னார்கள். பயிற்சி நாட்களில் எடுத்த படத்தில் நாய்க்கு எதுவும் தெரியாது. "என்னை ஏன் அனுப்புகிறீர்கள்" என்று அது கேட்டிருக்க வழியே இல்லை. இந்தக் கதையில் என்னைப் பிசைகிற விஷயமும் அதுதான். கேட்கத் தெரியாத ஓர் உயிரை, அது ஆட்களை நம்பிப் பழகியதாலேயே, கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அந்தத் திட்டத்தில் வேலை செய்த ஓலெக் கசென்கோ 1998இல், நாளாக ஆக வருத்தம் கூடுகிறது, ஒரு நாயின் சாவை நியாயப்படுத்தும் அளவுக்கு அதிலிருந்து நாங்கள் எதையும் தெரிந்துகொள்ளவில்லை என்ற பொருளில் பேசினார்.

அதனால் கதையைச் சொன்னது தவறே இல்லை. முதலில் படம், பிறகு கதை என்று நீங்கள் வைத்த வரிசையும் சரி. ஆனால் கதை கேட்டபின் பிள்ளைகள் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். கேட்ட செய்தி கண்ணை மறுபடி படத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். திரும்ப இடமில்லாத கலம் என்று தெரிந்தபின் பெல்ட் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, சுவர் எவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறது என்று பார்த்திருக்கலாம். அதற்குப் பதிலாக, எங்கோ படித்த ஒரு சோகத்தை எடுத்து நாயின் கண்ணில் வைத்துவிட்டார்கள். அழுகை வந்த பிள்ளையைத் திருத்தாதீர்கள். அந்த அழுகை நல்லது. "நாய் அழுகிறது" என்று எழுதியதை "எனக்கு அழுகை வருகிறது" என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள், போதும். அந்த வரி படிப்பவரையும் தொடும்.

பயந்திருக்கிறது என்று எழுதிய பெண்ணிடம், "எதைப் பார்த்தும்மா அப்படிச் சொல்றே?" என்று கேளுங்கள். கேள்வியைக் கனிவாகக் கேட்க வேண்டும், மடக்குவது போல இருக்கக்கூடாது. பயந்த நாய் பெரும்பாலும் காதைப் பின்னால் மடித்து ஒட்டவைக்கும், உதட்டை நக்கும், கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரியும். இந்தப் படத்தில் காது நிமிர்ந்திருக்கிறது என்று உங்கள் பையனே எழுதியிருக்கிறான். ஏதோ சத்தத்தைக் கவனிக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம், அதற்கு மேல் போக இந்தப் படத்தில் ஆதாரம் இல்லை. சந்தோஷம் என்று எழுதியவனிடமும் அதே கேள்வி. நாயின் வாய்க்கோடு ஓரத்தில் மேலே வளைந்திருப்பதும், வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு இளைப்பதும் நமக்குச் சிரிப்பாகத் தெரியும். இது படத்தோடு நிற்கிற விஷயமும் இல்லை. உங்கள் பிள்ளைகள் தினமும் தெருநாய்களைத் தாண்டித்தான் பள்ளிக்கு வருகிறார்கள். விலகிப் போ என்று உடம்பால் சொல்லும் நாயைச் சிரிக்கிறது என்று நினைத்துத் தடவப் போனால் கடிதான் கிடைக்கும்.

எல்லாருக்கும் முழு மதிப்பெண் என்ற உங்கள் நண்பர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. எல்லாம் சரி என்று சொல்லிவிட்டால் ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளையின் தாளைப் படிக்கக் காரணமே இல்லாமல் போய்விடும். நான் விட்டதை அவன் பார்த்திருக்கிறானே என்ற ஆச்சரியம் வர, பார்த்ததற்குக் கொஞ்சம் மதிப்பு கூடுதலாக இருக்க வேண்டும். மதிப்பெண்ணைப் பாதியாகப் பிரித்து, பார்த்ததற்குப் பாதி, அதிலிருந்து என்ன நினைத்தாய், ஏன் நினைத்தாய் என்பதற்குப் பாதி என்று போட்டுப் பாருங்கள். காரில் போன பையனும் "பெல்ட் போட்டிருக்கிறது, அதனால் கார் என்று நினைத்தேன்" என்று எழுதினால் அவனுக்கும் தாராளமாகப் போடலாம். நாலாவது பையன் இரண்டாவது பாதியை எழுதவில்லை என்பதும் உண்மைதான். இந்த முறை அவன் கண்ணுக்காக அதை மன்னித்துவிடலாம், அடுத்த முறை கேளுங்கள்.

அடுத்த வகுப்புக்கு பெல்கா, ஸ்த்ரெல்கா படத்தை எடுங்கள். 1960 ஆகஸ்ட் 19 அன்று போய், மறுநாள் உயிரோடு தரைக்கு வந்த இரண்டு நாய்கள். லைக்காவைப் பற்றித் தெரிந்துகொண்ட அதே வகுப்புக்கு, இவை திரும்பி வந்தவை என்று சொல்லாமல், விண்வெளி நாய்கள் என்று மட்டும் சொல்லிக் காட்டுங்கள். எத்தனை பேர் அந்தக் கண்களிலும் சோகத்தைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆவலாக இருக்கிறது. பிள்ளைகளின் பெயரை மறைத்து, தாள்களைப் படமெடுத்து அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள்.

அன்புடன்.