அட்டையில் இல்லாத பெயர் – கடிதம்

அன்புள்ள சார்,

கனவுகள் பற்றிய உங்கள் கட்டுரையில் உளவியலாளர் மரி-லூயிஸ் வான் ஃப்ரான்ஸ் பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். தேடிப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங்கைச் சொல்லி, 'யுங்கின் மாணவி', 'யுங்கின் உதவியாளர்' என்றுதான் இருக்கிறது. குரு சொன்னதையே திரும்பச் சொன்னவர்தானா, அவருக்கென்று ஏதாவது உண்டா? எதில் தொடங்கிப் படிக்கலாம்?

ஆர்.எம்.

அன்புள்ள ஆர்.எம்.,

ஒரு வரியில் கடந்துபோனது என் தவறுதான். ஆனால் அவருடைய உழைப்பில் கணிசமான பங்கு அடுத்தவர் பெயர் போட்ட புத்தகங்களுக்குள் கிடக்கிறது. 'மாணவி' என்று எழுதிவிட்டு நகர்வது அதனால்தான் எல்லாருக்கும் வசதியாக இருக்கிறது.

1915இல் மியூனிக்கில் பிறந்து சுவிட்சர்லாந்தில் வளர்ந்தவர். 1933இல், பதினெட்டு வயதில், நண்பர்களோடு பொலிங்கன் என்ற ஊரில் ஏரிக்கரையில் யுங் கட்டியிருந்த கல்வீட்டுக்குப் போகிறார். தன்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு பெண் நிலவில் வாழ்ந்ததாக யுங் பேச்சுவாக்கில் சொல்கிறார். 'வாழ்ந்ததாக அவள் நினைத்துக்கொண்டாள், அப்படித்தானே?' என்று இவர் திருத்தப் பார்க்கிறார். இல்லை, நிலவில்தான் இருந்தாள் என்கிறார் யுங். இவருக்குக் கிறுக்கா, எனக்குத்தான் புரியவில்லையா என்று அப்போது குழம்பியதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். மனதுக்குள் நடந்ததும் நடந்ததுதான் என்பது யுங்கின் கட்சி. அது பிடிபட்டபின் வான் ஃப்ரான்ஸ் அந்தப் பக்கமே போய்விட்டார்.

கையில் காசு இல்லை. பிள்ளைகளுக்கு லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்துத்தான் பிழைப்பு. யுங்கிடம் உளப்பகுப்பாய்வுக்குக் கட்டணம் கொடுக்க முடியாததால், பதிலுக்கு ரசவாத நூல்களை கிரேக்கத்திலிருந்தும் லத்தீனிலிருந்தும் மொழிபெயர்த்துக் கொடுத்தார். 1940இல் ஜூரிக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றது இலியட் காவியத்துக்குப் பழைய உரைகாரர்கள் எழுதிவைத்த குறிப்புகளை ஆராய்ந்து. ஆக, அடிப்படையில் அவர் உரை மரபில் பழகியவர். இந்தப் பயிற்சிதான் அவரை மற்ற யுங்கியர்களிடமிருந்து தனித்துக் காட்டுகிறது என்பது என் எண்ணம்.

இனி அந்த அட்டைகள். யுங்கின் கடைசிப் பெருநூலான 'மிஸ்டீரியம் கோனியுங்சியோனிஸ்' ஜெர்மனில் மூன்று பாகம். 1957இல் வந்த மூன்றாவது பாகம் முழுக்க வான் ஃப்ரான்ஸுடையது: 'அவ்ரோரா கன்சர்ஜென்ஸ்' என்ற இடைக்கால ரசவாத நூலின் பதிப்பும் உரையும். ஆங்கிலத்தில் யுங்கின் தொகுதிகளுக்குள் அதைச் சேர்க்கவில்லை. 1966இல் தனியாகத்தான் வந்தது. யுங்கின் மனைவி எம்மா யுங் 1955இல் இறந்தபோது பாதியில் நின்ற கிரெயில் (இயேசுவின் கடைசி விருந்துக் கோப்பை என்று சொல்லப்படுவது) பழங்கதை ஆய்வை எழுதி முடித்தவர் இவர். யுங் 1961இல் இறந்தபின் 'மனிதனும் அவன் குறியீடுகளும்' தொகுப்பை முடித்ததும் இவர்தான். ஹெட்விக் ஃபான் பைட் பெயரில் 1952 முதல் 1957 வரை வந்த மூன்று பாகத் தேவதைக்கதை ஆய்வில் உழைப்பின் பெரும்பகுதி இவருடையது. அட்டையில் ஃபான் பைட் மட்டும்!

சரி, அவருக்கென்று என்ன உண்டு? கதை வாசிக்கும் முறை. கிரிம் சகோதரர்களின் 'மூன்று இறகுகள்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கிழட்டு ராஜா, மூன்று மகன்கள், கடைசிப் பையன் மண்டு. வான் ஃப்ரான்ஸ் முதலில் ஆட்களை எண்ணுகிறார். நாலு பேர், நாலும் ஆண்கள். ராணி எங்கே? அவளைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்படியென்றால் கதை தேடப்போவது அந்த இல்லாத பெண்மையைத்தான் என்கிறார். யார் எந்தத் திசையில் போவது என்று பார்க்க ராஜா ஊதிவிட்ட மூன்று இறகுகளில், மூத்தவர்களுடையவை கிழக்கும் மேற்குமாகப் பறக்க, மண்டுவின் இறகு காலடியிலேயே விழுகிறது. அங்கே தரையில் ஒரு கதவு, கீழே படிக்கட்டு, அடியில் ஒரு பெரிய தேரை. நானாக இருந்தால் நேரே தேரைக்கு ஓடியிருப்பேன். அவர் படிக்கட்டில் நின்றுவிடுகிறார். படி என்றால் யாரோ கட்டியது. மேலே ஒருகாலத்தில் இருந்த ஒன்று கீழே போயிருக்கிறது. அப்புறம்தான் தேரை: கருப்பை நோய்க்காகப் பெண்கள் மெழுகுத் தேரை செய்து தேவாலயத்தில் காணிக்கையாகத் தொங்கவிடும் பவேரிய வழக்கத்தை எடுத்து வைக்கிறார். குறியீட்டு அகராதியைப் புரட்டி ஒப்பிக்கிற வேலை இல்லை இது. ஒரு சொல் ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்கிற உரைகாரரின் பிடிவாதம்.

எல்லாவற்றையும் நான் ஒப்புக்கொள்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 'அவ்ரோரா'வை எழுதியவர் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸாகவே இருக்கலாம் என்று வாதாடினார். அக்குவினாஸ் மரணப் படுக்கையில் துறவிகளுக்கு பைபிளின் உன்னதப்பாட்டை விளக்கினார் என்ற மரபுக் கதையும் அதற்கு ஒரு துணை. இடைக்கால ஆய்வாளர்கள் பொதுவாக அதை ஏற்கவில்லை. எனக்கும் அங்கே ஆசை கொஞ்சம் முந்திக்கொண்டதாகத்தான் படுகிறது. 1959-60 குளிர்காலத்தில் ஜூரிக் யுங் நிறுவனத்தில் 'குட்டி இளவரசன்' பற்றி அவர் ஆற்றிய உரைகளில், வளர மறுக்கும் ஆண் என்று அதை எழுதிய செந்த்-எக்சுபெரியையே படுக்கவைத்து அறுத்துவிடுகிறார். படித்து முடிக்கும்போது எனக்கு அந்த மனிதர்மேல் பாவமாக இருந்தது. யுங்கை எதிர்த்துப் பேச வேண்டிய இடங்களிலும் பேசமாட்டார். இந்த அளவில் உங்கள் சந்தேகம் நியாயம்தான்.

தொடங்க, 1970இல் வந்த தேவதைக்கதை உரைகள் போதும். எண்களைப் பற்றிய நூல் இப்போதைக்கு வேண்டாம், தலை சுற்றும். கிரிம் தொகுப்பு பக்கத்தில் இருக்கட்டும். 'மூன்று இறகுகள்' நாலு பக்கம்தான். முதலில் அதைப் படித்து நீங்களே ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டு அவருடைய விளக்கத்துக்குப் போங்கள்.

அன்புடன்