பல வருடம் கிடப்பில் இருந்த மிரர் பாய்மரப் படகை மறுபடி ஓட்ட முடியுமா?

முடியும். ஆனால் பெயின்ட் அடிப்பதில் தொடங்காதீர்கள். மிரர் என்பது 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனில் டெய்லி மிரர் நாளிதழின் ஆதரவோடு வந்த, சுமார் 3.3 மீட்டர் நீளமுள்ள படகு. பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளின் மேல் கண்ணாடியிழை நாடாவைப் பிசின் வைத்து ஒட்டுவார்கள். பழைய படகுகளில் பெரும்பாலும் பாலியெஸ்டர் பிசின்தான். எபாக்சி என்ற இன்னொரு வகைப் பிசின் அளவுக்கு அது மரத்தைப் பிடிக்காது. நாளாக ஆக நாடா கிளம்பும், அடியில் ஈரம் தங்கி மரம் மக்கும். எனவே மூட்டுகள், நடுப்பலகை (படகு பக்கவாட்டில் நகராமல் தடுக்க நீருக்குள் இறக்கும் பலகை) இறங்கும் பெட்டி, சுக்கான் மாட்டும் பின்பலகை எல்லாவற்றையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் அந்த இடத்தை வெட்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, புதுத் துண்டை எபாக்சியில் ஒட்ட வேண்டும்.

உயிர் காப்பது காற்றடைத்த மிதவை அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு துளையை மட்டும் விட்டு மற்ற அடைப்பான்களை மூடி, அந்தத் துளை வழியாக வாயால் மெதுவாக ஊதி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் அங்கே கசிவு. கம்ப்ரசர் மட்டும் வேண்டாம், மூட்டே பிளந்துவிடும்.

அப்புறம், பாய்மரத்தைத் தாங்கும் கம்பி வடத்தில் ஓர் இழை அறுந்திருந்தாலும் முழு வடத்தையும் மாற்றிவிடுங்கள். பாய் கொஞ்சம் நைந்திருந்தால் பரவாயில்லை, தைத்துக்கொள்ளலாம்.

முதல் நாள் காற்று குறைவாக இருக்கும்போது, லைஃப் ஜாக்கெட் போட்டு, துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு, கரையோரம் நெஞ்சளவுத் தண்ணீரில் படகை வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்துங்கள். நிமிர்ந்தபின் அது தாழ்ந்தோ ஒருபக்கம் சாய்ந்தோ மிதந்தால் அறைகளை மறுபடி சோதிக்க வேண்டும்.